மறு: சீரோபுரொடெக்ஷன் - "காப்பெய்தல்" எனலாமா?

வணக்கம்,

நீங்கள் எழுதும் கையேட்டில் வரும் சீரோகன்வர்ஷன் (ஊசிக்குப் பிறகு ரத்தத்தில் எதிர்ப்பொருள், அதாவது கிருமியை எதிர்க்கும் புரதம், தோன்றுவது), சீரோபுரொடெக்ஷன் (அது நோயைத் தடுக்கும் அளவை எட்டுவது) இரண்டுக்கும் தமிழில் "எதிர்ப்பாற்றல் பெறுதல்" என்ற ஒரே சொல் போதும் என்று முந்தைய மடலில் வந்திருந்தது. போதாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை எடுத்துக்கொண்டாலே தெரிந்துவிடும்.

என் தங்கை செவிலியர். 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசியும் போட்டு, ஒன்றரை மாதம் கழித்து ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் எதிர்ப்பொருள் அளவு 6.4 என்று வந்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப எனக்கு எதிர்ப்பு இருக்கா, இல்லையா?" என்று கேட்டாள். எதிர்ப்பொருள் தோன்றியிருக்கிறது, அதுதான் முதல் சொல். ஆனால் மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகு இருந்தால்தான் காப்பு என்று கணக்கு. அவள் அதைத் தொடவில்லை. நலமாக இருக்கும், 40 வயதுக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தொட்டுவிடுகிறார்கள், 60 வயதில் அது முக்கால்வாசியாகக் குறைகிறது, புகைப்பழக்கமும் உடற்பருமனும் இன்னும் குறைக்கும். (புட்டத்தில் போட்டாலும் பலன் குறையும். பெரியவர்களுக்கு மேல்கையில்தான் போட வேண்டும், இதைக் கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள்.)

சரி, சொல்லுக்கு வருகிறேன். முதலாவதற்கு "எதிர்ப்பொருள் தோன்றல்", இரண்டாவதற்கு "காப்பெய்தல்". பூப்பெய்தல் என்று சொல்கிறோமே, அதே அமைப்பு, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவதற்கு வந்த "காப்புநிலை" என்ற பரிந்துரையை நான் ஏற்காததற்குக் காரணம் உண்டு. நிலை என்றால் ஏறும், இறங்கும். இங்கே சில ஆண்டுகளில் எதிர்ப்பொருள் 10-க்குக் கீழே போய்விடலாம், ஆனாலும் ஒருமுறை அந்த அளவை எட்டிய நலமான உடலில் நினைவணுக்கள் இருக்கும், கிருமி வந்தால் மறுபடி எதிர்ப்பொருளைச் சுரக்க வைக்கும், காப்பு போவதில்லை. எய்தியது எய்தியதுதான். "நிலை" என்று எழுதினால் படிப்பவர் எண் இறங்கியதுமே பயந்துபோவார்.

அப்புறம் "நான்-ரெஸ்பாண்டர்", அதாவது மூன்று ஊசி போட்டும் 10-ஐத் தொடாதவர். "எதிர்வினையற்றவர்" என்பது அந்த ஆளிடமே ஏதோ குறை என்பதுபோல் ஒலிக்கிறது. "காப்பெய்தாதவர்" என்றால் இதுவரை எய்தவில்லை என்றுதான் பொருள்படும், மருத்துவ உண்மையும் அதுதான்: இன்னொரு சுற்று மூன்று ஊசி போட்டால் அவர்களில் பாதிப் பேருக்காவது கிடைத்துவிடுகிறது. தங்கைக்கு அந்தச் சுற்றின் முதல் ஊசி போன வாரம் போட்டாயிற்று.

"காப்பெய்தல் வீதம்" என்ற தொடர் யாருக்காவது உறுத்துகிறதா? எனக்கு உறுத்தவில்லை.