ரப்பர் ஆசிட் மணமும் என் ஒற்றைத் தலைவலியும்

களியக்காவிளைப் பக்கத்து உறுப்பினர்:

எங்கள் ஊரில் மலையாளம் பேசுகிறவர்கள் கொடிஞ்ஞி என்பார்கள். நாங்கள் ஒற்றைத் தலைவலி என்போம். 17 வயதில் எனக்கு வந்தது, 20 ஆண்டுகள் ஆகியும் விடவில்லை. வீட்டின் பின்புறம் ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகை உண்டு. டிஷ்களில் ஊற்றிய ரப்பர் பாலில் ஆசிட் சேர்க்கும்போது எழும் காரமான மணம் மற்ற நாட்களில் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. சில மாலைகளில் மட்டும் அது தாங்க முடியாததாகிவிடும். மறுநாள் விடியும் முன்பே வலது பொட்டில் வலி தெறிக்கத் தொடங்கும். “அந்த ஆசிட்டு மணந்தான் ஒனக்கு ஆவாது மக்களே, அங்க போவாத” என்றார் அம்மை. பல ஆண்டுகள் நான் கொட்டகைக்குள் கால் வைக்கவே இல்லை. அப்பா தனியாகவே ஷீட் அடித்தார். வலியோ வழக்கம்போல வந்துகொண்டுதான் இருந்தது.

திருவனந்தபுரத்தில் எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேனில் கோளாறு எதுவும் தெரியவில்லை. “ஒன்றுமில்லை” என்ற அந்த மருத்துவரின் ஒரு சொல், வீட்டில் “சும்மா சொல்கிறாள்” என்ற பேச்சாக மாறியது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். பின்னர் வேறொரு நரம்பியல் மருத்துவர்தான் விளக்கினார். நமக்கு எடுப்பது மூளையின் அமைப்பைக் காட்டும் படம். கட்டியோ கசிவோ இருந்தால் அதில் தெரியும். மூளை வேலை செய்யும் விதத்தைப் பார்ப்பதற்கு எஃப்எம்ஆர்ஐ என்ற முறை இருக்கிறது. ஆக்சிஜன் ஏந்திய இரத்தமும் அதை இழந்த இரத்தமும் காந்தப்புலத்தில் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன. சேய்ஜி ஒகாவா 1990-இல் எடுத்துக்காட்டிய அந்த வேறுபாட்டைக் கொண்டுதான் எந்தப் பகுதி அதிகம் இயங்குகிறது என்று கணிக்கிறார்கள். ஆனால் ஒற்றைத் தலைவலியைப் பொறுத்தவரை அது ஆய்வுக்கான கருவி. தனி ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி உண்டா இல்லையா என்று அதைக்கொண்டு முடிவு செய்வதில்லை.

அவர் சொன்னவற்றில் என் மனத்தில் ஆழப் பதிந்தது, 2016-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு. ஒற்றைத் தலைவலி உள்ள ஒரே ஒருவரை 30 நாட்கள் தொடர்ந்து தினமும் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். ஸ்கேனுக்குள் அவருக்கு மூக்கு எரியும் அம்மோனியாவையும் ரோஜா மணத்தையும் மாறி மாறிக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த 30 நாட்களில் அவருக்கு மூன்று முறை வலி வந்தது. வலி தொடங்குவதற்கு முந்தைய 24 மணி நேரத்திலேயே, பசி, தாகம், தூக்கம் ஆகியவற்றைக் கவனிக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸின் இயக்கம் மாறியிருந்தது. முகத்தின் வலிச் செய்தியை வாங்கும் நரம்பு மையத்தோடு அது கொண்டிருந்த தொடர்பும் மாறியிருந்தது.

அதைக் கேட்டபோது என் மாலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அடக்க முடியாத கொட்டாவி, இனிப்பின் மேல் திடீர் ஆசை, அப்புறம் அந்த மணம். மணம் வலியைக் கொண்டுவந்தது என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். வலி ஏற்கெனவே புறப்பட்டுவிட்டதால்தான் மணம் தாங்க முடியாமல் போயிருக்கிறது என்று இப்போது கருதுகிறேன். ஒருவரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு அது. எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை, மணத்தாலேயே வலி கிளம்புகிறவர்களும் உண்டு. என் நாட்குறிப்பில் ஆசிட் ஊற்றாத நாட்களிலும் கொட்டாவியை அடுத்து வலி வந்திருக்கிறது.

செங்கோட்டை உறுப்பினர்:

அக்கா, எனக்கு வலிக்கு முன்னால் கண்ணில் ஒளிக்கோடுகள் வரும். ஆரியங்காவு மலைப்பாதை வளைவுகளில் லாரி ஓட்டும்போது ஒருமுறை வந்தது. பார்வையின் நடுவில் ஒரு புள்ளி மின்னி, ரம்பப் பல் போன்ற வளைவாக விரிந்து, 20 நிமிடத்தில் ஓரத்துக்கு நகர்ந்து மறைந்தது. லாரியை ஒதுக்கி நிறுத்திவிட்டேன். கண்ணில் கோளாறு என்று நினைத்துக் கண்ணாடியை மாற்றியதுதான் மிச்சம். இதுவும் மூளையில் நடப்பதுதானா?

களியக்காவிளைப் பக்கத்து உறுப்பினர்:

ஆமாம் தம்பி. கார்ல் லாஷ்லி என்ற அறிஞர் தமக்கு வந்த அதே கோடுகளை வரைந்து பார்த்து, மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று 1941-இலேயே கணக்கிட்டார். 2001-இல் எஃப்எம்ஆர்ஐயில் அத்தகைய நகர்வைப் பின்தொடர்ந்தபோது கிடைத்த வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர். ஒவ்வொரு கண்ணாக மாறி மாறி மூடினாலும் கோடுகள் தெரிகின்றனவா என்று அடுத்த முறை பாருங்கள். இரண்டு கண்களிலும் தெரிந்தால் அது மூளையிலிருந்து வருவதாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் சொல்லும்போது அதையும், கோடுகள் எத்தனை நிமிடம் நீடித்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வண்டியை நிறுத்தியது மிகவும் சரி.