2 இலட்சத்துக்குள் கமரா: ஹட்டன் 200டியா, கண்டி ஏ6000ஆ?

கொழுந்துக்கூடை (தலவாக்கலை)

வணக்கம். தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். சீட்டுக்காசு கைக்கு வந்திருக்கிறது, 2 இலட்சத்தைத் தாண்டாமல் ஒரு கமரா வாங்க வேண்டும். தொழிலுக்கு இல்லை, ஆசைக்குத்தான். மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் நடக்கும், மன்மதன்-ரதி கதையை ஆடும் காமன் கூத்து, தேர்த் திருவிழா, லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் வயதான பெரிய ஆட்கள், பனி மூடிய காலை நேரத்து மலை, இவைதான் எடுக்க நினைப்பவை. நேரம் கிடைத்தால் குருவிகளும்.

பாவித்த செட் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஹட்டனில் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் கெனன் 200டி (உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர்), 18-55, 55-250 மி.மீ. லென்ஸ்களோடு. கண்டியில் ஒருவரிடம் சோனி ஏ6000 (கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்), 16-50 லென்ஸோடு. கூடப் படிப்பிக்கும் சேர் ஒருவர், "டிஎஸ்எல்ஆர் செத்துப்போச்சு, அதில் காசைப் போடாதே" என்கிறார். எதை எடுக்கலாம்?

பழைய_நிக்கோன் (ஹட்டன்)

200டி. யோசிக்கவே வேண்டாம். செத்துப்போச்சு என்றால் இனிப் புது மாடல் வராது என்பதுதான், கையில் இருப்பது படம் எடுக்காது என்றில்லை. எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு ஓடுவதால்தான் நல்ல டிஎஸ்எல்ஆர் உங்கள் காசுக்குள் வருகிறது. அந்த ஓட்டத்துக்கு நன்றி சொல்லிவிட்டு வாங்குங்கள்.

ஆனால் ஒன்று. கூத்துக்கு அந்த இரண்டு லென்ஸுமே சரிவராது. இராத்திரி தீப்பந்தமும் இரண்டு டியூப் லைட்டும்தான் வெளிச்சம். 18-55ஐ 55க்கு இழுத்தால் எஃப் 5.6 (இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூட வரும்). அதே இடத்தில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கமராவோடு வருகிற அந்தக் கிட் லென்ஸில் ஷட்டர் 1/15 நொடி திறந்திருக்கிற இடத்தில் இதில் 1/150 நொடி. ஆடுகிற ரதியின் முகம் 1/15இல் வெறும் கோடாகத்தான் வரும். 55-250ஐ அந்த ஆளிடமே விட்டுவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். மிச்சக் காசில் கெனன் 50 எஸ்டிஎம் எடுங்கள். 160 கிராம்தான், சட்டைப் பையில் போகும்.

ஊவாக்காற்று (பண்டாரவளை)

அண்ணன் கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி பேசுகிறார். தம்பி கேட்டதில் பனியும் மலையும் இருக்கிறதே, அதற்கு ஒரு வரியாவது எழுதினாரா?

பனியைப் பார்த்தால் கமராவில் வெளிச்சம் அளக்கிற மீட்டர் ஏமாந்துபோகும். வெள்ளையாக இருப்பதையெல்லாம் சாம்பலாக்கிவிடும். டிஎஸ்எல்ஆரின் கண்ணாடிக்குள் நீங்கள் பார்ப்பது நிஜ மலையை, கமரா என்ன பதியப் போகிறது என்று அங்கே தெரியாது. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் எல்லாப் படமும் அழுக்குத் துணி நிறம். ஏ6000இன் வியூஃபைண்டரில் வரப்போகிற படமே தெரியும். ஒரு ஸ்டொப் (இரண்டு மடங்கு வெளிச்சம்) ஏற்றினால் பனி வெளுப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

வெளிச்சம் வேண்டுமானால் சோனிக்கு சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 இருக்கிறது, எஃப் 1.8ஐ விடவும் திறந்தது. கெனனின் புது லென்ஸ்களோ எல்லாம் மிரர்லெஸ்ஸுக்கான ஆர்எஃப் பக்கம்தான் வருகின்றன. அந்தப் பழைய மவுண்டில் (லென்ஸ் பூட்டுகிற வாய்) ஏன் போய் மாட்ட வேண்டும்? முதுகில் சுமந்து ஏறிப் பாருங்கள், எடையும் தெரியும்.

பழைய_நிக்கோன் (ஹட்டன்)

எடையா? 200டி 453 கிராம், ஏ6000 344 கிராம். 109 கிராம் கூடுகிறது என்றா தங்கச்சி மலை ஏற முடியவில்லை என்கிறீர்கள்? ஏ6000இல் மிச்சமாகிற அந்த 109 கிராமும் இன்னொரு பற்றரிக்கே போய்விடும். ஏ6000 ஒரு சார்ஜுக்கு 360 படம், வியூஃபைண்டர் வழியாகப் பார்த்தால் இன்னும் குறைவு. 200டி 650. சிவனொளிபாதமலைக்கு இராத்திரி ஏறி, 2,243 மீற்றர் உயரத்தில் விடியும் வரை குளிரில் நின்றால் பற்றரி எப்படி இறங்கும் என்று ஏறியவர்களுக்குத் தெரியும். சூரியன் வந்து மலையின் முக்கோண நிழல் மறுபக்கம் விழுகிற நேரத்தில் திரை கறுத்தால் அழுகைதான் வரும்.

பனிக்கு மீட்டர் ஏமாறும் என்பது சரி. அதற்குத்தானே ஒரு ஸ்டொப் ஏற்ற பிளஸ் 1 வைக்கிற பட்டன்? 200டியின் திரையைத் திருப்பி லைவ் வியூவில் பார்த்தால் அதிலும் வரப்போகிற படம் தெரியும். அது தொடுதிரை வேறு, ஏ6000இல் அது கிடையாது.

மவுண்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். 200டிக்கு இன்றைக்கு வாங்கும் இஎஃப் லென்ஸ் நாளைக்கு கெனனின் ஆர் வரிசை மிரர்லெஸ் கமராவில் அடப்டர் போட்டால் ஒட்டோ ஃபோக்கஸோடு வேலை செய்யும். லென்ஸ் வீணாகாது.

ஊவாக்காற்று (பண்டாரவளை)

சிவனொளிபாதத்துக்கு நானும் ஏறியிருக்கிறேன் அண்ணா. இன்னொரு பற்றரியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் கதை முடிந்தது. அடப்டருக்கும் ஆர் கமராவுக்கும் காசு யார் கொடுப்பது என்பதையும் எழுதுங்கள். "நாளைக்கு வாங்கலாம்" என்று இருந்தவர்களுக்கு 2022இல் என்ன நடந்தது? 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதத்தில் 360 ஆனது. லென்ஸ் விலையெல்லாம் அதோடு சேர்ந்து மலை ஏறியது. இனி எதில் இருக்கப் போகிறோமோ அதில் இன்றைக்கே காலை வைக்கலாம்.

சில்லறை (மஸ்கெலியா)

குறுக்கே வருகிறேன். இவ்வளவு சண்டையும் எதற்கு? எடுத்த படம் கடைசியில் வாட்ஸ்அப்பில் போய்ச் சுருங்கத்தானே போகிறது? நல்ல போன் ஒன்று எடுங்கள், நைட் மோட் இருக்கிறது, மழையில் நனைந்தாலும் தாங்கும். மிச்சக் காசைச் சீட்டிலேயே போடுங்கள்.

பழைய_நிக்கோன் (ஹட்டன்)

நைட் மோட் பல படத்தை எடுத்து ஒன்றாக அடுக்குவது. கோயில் கோபுரத்துக்கு நன்றாக வரும். காமன் கூத்தில் ஆடுகிறவன் நிற்பானா?

குருவிப்பித்தன் (நுவரெலியா)

55-250ஐ விட்டுவிடு என்று சொன்னவர் யார்? தம்பி "குருவிகளும்" என்று கடைசியில் எழுதியதை ஒருவரும் படிக்கவில்லை.

200டியில் 250 மி.மீ. என்றால் 1.6ஆல் பெருக்குங்கள், முழு ஃபிரேம் (பெரிய சென்சர்) கணக்கில் 400. தூரத்துக் குருவிக்கு அது போதாது. ஆனால் எங்கள் ஊர் விக்டோரியா பூங்காவுக்குப் போதும். வலசைக் காலத்தில் ஆறுமணிக்குருவியும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் அங்கே ஓடைப் பக்கம் இறங்கும். ஆள் நடமாட்டத்துக்குப் பழகியவை, அசையாமல் இருந்தால் கிட்டவே வரும். ஹோர்டன் சமவெளி மரைக்கு 250கூடத் தேவையில்லை, வாகனம் நிறுத்துகிற இடத்துக்கே வந்து நிற்கிறது. உண்மையான தலையிடி வெளிச்சம்தான். காலையில் மரத்தடி இருட்டில் எஃப் 5.6 என்றால் ஐஎஸ்ஓவை (சென்சரின் உணர்திறன்) 3200க்கு ஏற்றத்தான் வேண்டும், புள்ளி புள்ளியாக வரும். வரட்டும். புள்ளி உள்ள குருவி பரவாயில்லை, கலங்கிய குருவியை ஒன்றும் செய்ய முடியாது.

ஏ6000க்கு அந்த 16-50 மட்டும்தான் என்றால் குருவியை மறந்துவிடுங்கள். சோனிக்கு தூரத்தை இழுக்கிற நல்ல டெலி லென்ஸ் வாங்கப் போனால் இன்னொரு சீட்டுப் பிடிக்க வேண்டும்.

பனியில் டெலி உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை ஏசக்கூடாது. எதிர் மலையை 250இல் இழுத்தால் நடுவில் இருக்கும் பனி முழுவதும் சேர்ந்துதான் வரும். ஃபோக்கஸும் பிடிமானம் இல்லாமல் முன்னும் பின்னும் ஓடும். பனிக்கு கிட்ட ஒரு சவுக்கு மரமோ ஆளோ வேண்டும், அகல லென்ஸ் வேண்டும்.

பீலிக்கரை (பொகவந்தலாவை)

எல்லோரும் கூத்து, குருவி, மலை என்று போய்விட்டார்கள். லயத்தில் இருக்கிற பெரிய ஆட்கள் என்று ஒரு வரி இருந்ததே?

லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. அதில் அடுப்பு, கட்டில், சாமிப்படம், தொலைக்காட்சி. 200டியில் 50 மி.மீ. போட்டு 10 அடி தள்ளி நின்றாலும் படத்தில் வருகிற அகலம் நாலரை அடிதான். 10 அடி தள்ளி நிற்க இடம் எங்கே? சுவருக்குள்ளா போவது? பாட்டியின் முகம் வரும், பாட்டி இருக்கிற வீடு வராது. முகம் மட்டும் போதும் என்றால் அடையாள அட்டைக்கு எடுக்கிற கடை டவுனில் இருக்கிறது.

கெனனில் 24 மி.மீ. எஃப் 2.8 என்று ஒரு தட்டை லென்ஸ் உண்டு, 125 கிராம். அதே 10 அடியில் 9 அடிக்கு மேல் அகலம் வரும். 50 அளவுக்கு வெளிச்சம் விடாது, ஆனால் கிட் லென்ஸின் எஃப் 5.6ஐவிட 4 மடங்கு. கிட்டில் 1/15 வருகிற இடத்தில் 1/60. அடுப்படியில் உட்கார்ந்து பேசுகிற ஆளுக்கு அது தாராளம். கூத்திலும் பந்தம் பக்கத்தில் போய் நின்றால் சமாளிக்கலாம்.

இன்னொன்று, குருவிப்பித்தன் அண்ணா கோபிக்கக்கூடாது. என் அம்மா கொழுந்து எடுக்கிறவர். ரோட்டில் வாகனத்தை நிறுத்தி, நீட்டுக் குழாய் லென்ஸை மலைப்பக்கம் திருப்பி எடுத்துவிட்டுப் போகிறவர்களை அவருக்குக் கண்ணிலேயே காட்டக்கூடாது. பெயர் கேட்க மாட்டார்கள், படத்தைக் காட்டவும் மாட்டார்கள். 24ஐ வைத்துக்கொண்டு அப்படி எடுக்கவே முடியாது. தேயிலை நிரைக்குள் இறங்கி, "அக்கா ஒரு போட்டோ எடுக்கட்டா" என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

குருவிப்பித்தன் (நுவரெலியா)

கோபம் இல்லை. ஆறுமணிக்குருவியிடம் போய்ப் பெயர் கேட்க முடியாதே என்பதுதான் என் கஷ்டம்.

பழைய_நிக்கோன் (ஹட்டன்)

பீலிக்கரை சொல்கிற காம்பராக் கணக்கு சரி. இருந்தாலும் கூத்துக்கு 1/60 போதாது என்று அடித்துச் சொல்வேன். தப்பு (பறை) அடிக்கிறவன் கை ஒரு இடத்தில் நிற்காது, ஆடுகிறவன் காலும் நிற்காது. ஐஎஸ்ஓவை ஏற்றலாம் என்பீர்கள், 6400க்கு மேல் 200டி படம் எனக்குப் பிடிக்காது.

பீலிக்கரை (பொகவந்தலாவை)

கை கலங்கினால் கலங்கட்டும், முகம் நின்றால் போதும். தப்பு அடிக்கிறவன் கை சிலையாக நின்றால் அது என்ன தப்பு?

கண்டிப்_பட்டறை (பேராதனை)

கமரா திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். எந்த பிராண்டுக்கும் நான் கட்சி இல்லை, எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். மலையகத்திலிருந்து வருகிற லென்ஸ்களில் நான் முதலில் தேடுவது பூஞ்சணம். தம்பி வாங்குவது பாவித்தது என்பதால் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

லென்ஸைக் கழற்றி, இரண்டு மூடியையும் எடுத்துவிட்டு, பின்பக்கத்தால் டோர்ச் அடித்து முன்பக்கத்தால் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் கிளை விட்டிருந்தால் வாங்காதீர்கள். "துடைத்தால் போய்விடும்" என்பார்கள். மேல் கண்ணாடியில் இருந்தால் போகும், ஆனால் பூச்சை அரித்திருந்தால் அந்தத் தழும்பு நிரந்தரம். தூசி இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது.

பிறகு எஃப் 16இல் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், சென்சரில் அழுக்கு இருந்தால் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்று நிக்கோன் என்றால் படத்தின் விவரத்திலேயே இருக்கும். கெனனில் அப்படி இலேசாகப் பார்க்க முடியாது, ஸ்டூடியோவில் ஓடிய கமரா என்பதால் நன்றாக உழைத்திருக்கும் என்றே எண்ணி விலை பேசுங்கள்.

வாங்கிய பிறகு தோல் பையிலும் உடுப்பு அலுமாரியிலும் வைக்க வேண்டாம், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர். 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் போதும். சிலர் வறுத்த அரிசி போடச் சொல்வார்கள். அரிசித் தூள் ஸூம் வளையத்துக்குள் போய் என்னிடம் வந்த லென்ஸ்கள் உண்டு.

இன்னொன்று, நுவரெலியாக் குளிரில் எடுத்துவிட்டு பஸ்ஸில் கண்டிக்கு இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் கீழ்க்காற்றின் ஈரம் அப்படியே வேர்க்கும். பையோடு சூடேறட்டும், பிறகு எடுங்கள்.

ஊவாக்காற்று (பண்டாரவளை)

பட்டறை அண்ணா, கேட்க மறந்தேன். பூஞ்சணம் பிடித்த லென்ஸை நல்ல லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைத்தால் ஒட்டிக்கொள்ளுமா?

கண்டிப்_பட்டறை (பேராதனை)

வித்து காற்றில் எங்கும் இருக்கிறது தங்கச்சி. அது முளைப்பதற்கு ஈரம் வேண்டும். பெட்டி காய்ந்திருந்தால் பயமில்லை. ஈரப் பெட்டி என்றால் தனியாக வைத்தாலும் பிடிக்கும்.

கொழுந்துக்கூடை (தலவாக்கலை)

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை டோர்ச்சோடு ஹட்டனுக்குப் போகிறேன். 200டிதான். 55-250ஐக் கொடுத்துவிட்டு 24 கிடைக்குமா என்று கேட்கப் போகிறேன், ஸ்டூடியோக்காரர் என்பதால் வைத்திருப்பார் என்று நம்பிக்கை. பாட்டிக்கு 80 வயது தாண்டிவிட்டது, குருவி அடுத்த வலசைக்கும் வரும். பழைய_நிக்கோன் அண்ணா, 50ஐ மாசிக்கு முன்னால் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன்.

குருவிப்பித்தன் (நுவரெலியா)

அநியாயம். சரி, விக்டோரியா பூங்காவுக்கு வருகிற அன்று சொல்லுங்கள், என்னிடம் ஒரு பழைய 55-250 சும்மா கிடக்கிறது.

ஊவாக்காற்று (பண்டாரவளை)

வாழ்த்துகள் தம்பி. இருந்தாலும் இரண்டு வருடத்துக்குள் அந்த 200டியை விற்கத்தான் போகிறீர்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய_நிக்கோன் (ஹட்டன்)

விற்கும்போது முதலில் எனக்குச் சொல்லுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்.