மறு: இதயப் பம்பி பொருத்தியவரின் உடற்பயிற்சிக்கு என்ன சொல்?

கல்லடி, மட்டக்களப்பிலிருந்து:

அன்புள்ள தமிழ்க் கலைச்சொல் குழுமத்தாருக்கு,

இந்த இழையில் "செயற்கை இதயம்" என்ற சொல் நாலைந்து மடல்களில் வந்துவிட்டது. அதை நிலைக்க விடவேண்டாம் என்று கேட்கவே எழுதுகிறேன்.

என் மச்சான் கனடாவில் இருக்கிறார். இதயம் தளர்ந்து, படியேற முடியாத நிலை வந்தபிறகு, இடது இதயவறையில் ஹார்ட்மேட் 3 என்ற பம்பியைப் பொருத்தினார்கள். இப்போது அங்கே உடற்பயிற்சி வகுப்புக்குப் போகிறார். அவருக்குக் கொடுத்த குறிப்பை இங்கே மாமிக்குத் தமிழில் எழுதிக் காட்டினேன். நான் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), வேலை இலேசாக முடியும் என்றுதான் நினைத்தேன். வாசித்துவிட்டு மாமி கேட்டார்: "மோட்டர் ஓடுதெண்டா ஏன் மகன் அவனுக்கு நடக்கக் களைக்குது?"

பிழை என் சொல்லில். "செயற்கை இதயம்" என்று எழுதியிருந்தேன். பழைய இதயத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்ததாகவே அவர் விளங்கிக்கொண்டார்.

அந்த இதயம் அங்கேயேதான் இருக்கிறது. பம்பி இடது இதயவறையிலிருந்து குருதியை எடுத்து, உடம்பெங்கும் கொண்டுபோகும் தொகுதிப்பெருநாடிக்குத் தள்ளுகிறது. வலது பக்கத்துக்கு உதவியே இல்லை, அது தன் பலத்தில்தான் ஓடவேண்டும். சுழற்சி, பெரும்பாலும் நிமிடத்துக்கு 5000 முதல் 6000 வரை, மருத்துவர் வைத்தது வைத்தபடி நிற்கும். நாம் ஓடினால் நம் இதயம் வேகமெடுக்கும். பம்பிக்கு ஆள் ஓடுகிறாரா, படுத்திருக்கிறாரா என்று தெரியாது.

இதை எங்கள் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நெல் செய்கிறவருக்கு விளக்கத் தேவையில்லை. வாய்க்காலில் தண்ணீர் இறைக்கிற மெஷின் ஒரே சுற்றில்தான் ஓடும். வாய்க்காலில் தண்ணீர் ஏறினால் வயலுக்குக் கூடப் பாயும், வரம்பு உயர்ந்தால் குறையும். இதயத்திலும் அதுவேதான். நடக்கும்போது கால்களிலிருந்து குருதி கூடுதலாகத் திரும்பி வரும், இதயவறை நிறையும், அதே சுழற்சியிலேயே பாய்ச்சல் கொஞ்சம் கூடும். குருதியமுக்கம் எகிறினால் வரம்பு உயர்ந்த கதைதான். ஆனால் அந்தக் "கொஞ்சம்" போதாது. பம்பி வைத்த பிறகும் ஒருவரின் உச்ச ஒட்சிசன் உள்ளெடுப்பு, அதாவது முழுமூச்சாக உழைக்கும்போது உடம்பு எடுக்கும் ஒட்சிசன், அதே வயதுச் சுகதேகியினுடையதில் ஏறத்தாழப் பாதியில் நிற்பதே வழக்கம். மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்து மெலிந்த கால் தசைகளும் அதற்கு ஒரு காரணம். பயிற்சிக்கு வேலை இருப்பது அங்கேதான்.

ஆகவே "துணை" என்ற சொல் கட்டாயம் வேண்டும். "இதயவறைத் துணைப்பம்பி", பேச்சில் "துணைப்பம்பி". பம்பிக்கு மதுரை நண்பர் சொன்ன "எக்கி" நல்ல தமிழ்தான். ஆனால் எங்கள் காதில் அது மாங்காய்க்கு எக்கி நிற்பதுபோல ஒலிக்கிறது, எங்கள் பாடநூல்களும் "பம்பி" என்றே சொல்கின்றன.

அடுத்தது, பயிற்சி. இங்கே எழுத்தில் "இதயப் புனர்வாழ்வு" என்கிறோம். 2009இல் போர் முடிந்தபிறகு கிழக்கில் "புனர்வாழ்வு" என்றால் முன்னாள் போராளிகளை வைத்திருந்த முகாம்களைத்தான் நினைப்பார்கள், இலங்கை உறுப்பினர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மகன் புனர்வாழ்வுக்குப் போனான் என்று ஒரு தாயிடம் சொல்ல எனக்கு நா வராது. "உடம்பு தேறிற்றா?" என்றுதான் ஊரில் கேட்கிறோம். அதிலிருந்து "தேறுபயிற்சி" என்று வைத்துப் பார்க்கிறேன்.

-----

காரைதீவிலிருந்து:

தம்பி, 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்தர் பிறந்த ஊர்க்காரன் நான். புதுச்சொல் என்றால் மனம் குளிரும். துணைப்பம்பிக்கு முழுச் சம்மதம். தேறுபயிற்சியில்தான் தயக்கம். நாற்பது வருடம் பள்ளியில் படிப்பித்தவனுக்குத் "தேறினான்" என்றால் சோதனையில் தேறினான். உங்கள் மச்சானை ஆறு நிமிடம் நடக்கவைத்துத் தூரம் அளப்பார்கள். அதில் தேறாவிட்டால் என்ன என்று அவர் பயப்படமாட்டாரா? இன்னொன்று: குறிப்பில் "நாடி பார்த்து வேகத்தைக் கட்டுப்படுத்தவும்" என்று வந்தால் எப்படி எழுதினீர்கள்?

-----

கல்லடியிலிருந்து:

ஐயா, நீங்கள் சொன்ன பயம் நியாயமானது. மச்சானிடமே கேட்டேன். "சோதனை எண்டு நினைக்கேல்ல, சுகம் வருது எண்டுதான் நினைச்சன்" என்றார். அதனால் தேறுபயிற்சியை விடாமல் வைத்திருக்கிறேன். இன்னும் நல்லது வந்தால் மாற்றுவேன்.

நாடி பற்றிக் கேட்டது முக்கியம். சுழற்சி வைத்தபடி நிற்கும் என்றேன், ஆனால் அந்தப் பம்பி 2 விநாடிக்கு ஒருமுறை அதைக் கணநேரம் தாழ்த்தி உயர்த்தும், ஆள் என்ன செய்தாலும். ஆனாலும் குருதி தொடர்ந்து ஓடுவதால் மணிக்கட்டில் நாடி பெரும்பாலும் பிடிபடாது. "நாடி இல்லை" என்று எழுதினால் வீடே அலறும். "நாடி கைக்குப் பிடிபடாது" என்று எழுதினேன். நாடிக்குப் பதிலாக, எவ்வளவு களைக்கிறது என்று அவரே 6 முதல் 20 வரை ஓர் எண் சொல்லவேண்டும். 11க்கும் 13க்கும் இடையில் நடந்தால் போதும், அதாவது கதைத்துக்கொண்டே நடக்க முடிகிற அளவு. இதற்குக் "களைப்பளவை" என்று வைத்தேன். "உணரப்பட்ட உழைப்பு வீதம்" என்றால் மாமி கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

மிஞ்சியிருப்பது ஒரு சொல். பம்பியிலிருந்து வயிற்றுத்தோல் வழியாக வெளியே வந்து, இடுப்பிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியில் சேரும் வயர். அது இழுபடக்கூடாது, அதனால் வயிற்றை மடக்கி எழும்பும் பயிற்சி கூடாது, நீச்சலும் கூடாது. "செலுத்துவடம்" என்று எழுதி வைத்திருந்தேன். நேற்று வீடியோவில் மச்சான் சட்டையைத் தூக்கிக் காட்டியபோது மாமி சொன்னார்: "கொடியக் கவனமாப் பார்த்து நட மகன்."

"மின்கொடி" என்று எழுதலாமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.