லாங்ஹார்ன்ஸ் பவுல் ஆட்டங்கள்: அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?

ஆரஞ்சுச்சட்டை

2006 ஜனவரி 4, புதன்கிழமை. நான் ஆஸ்டின் வந்து அஞ்சு மாசம்தான் ஆகியிருந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குளிர்கால விடுமுறை. ஊருக்குப் போக டிக்கெட் காசு இல்லாத எங்களை மாதிரி ஆட்கள் மட்டும் அபார்ட்மென்ட்டில். படிப்பு முடிச்சுப் போன சீனியர் விட்டுட்டுப் போன பெட்டி டிவி, நாலு பேர், ஒரு குக்கர் சாம்பார்.

டிவியில் எங்க பல்கலைக்கழகத்தோட லாங்ஹார்ன்ஸ் அணி ஆடுற அமெரிக்கன் ஃபுட்பால். எனக்கு அதுவரை அந்த விளையாட்டில் பத்து கஜம் போக நாலு வாய்ப்பு என்பது மட்டும்தான் தெரியும். 'பவுல்'னா என்னன்னு கேட்டப்ப என் லேப்மேட் சொன்னான்: சீசன் முடிஞ்சதும் டிசம்பர், ஜனவரியில் நல்லா ஆடின அணிகளை வேற ஊருக்குக் கூப்பிட்டு ஒரே ஒரு ஆட்டம் வைப்பாங்க. கலிஃபோர்னியா பாசடீனாவில் கிண்ணம் மாதிரி ஒரு மைதானம் கட்டி ரோஸ் பவுல்னு பேர் வச்சாங்க. அதைப் பார்த்து மத்த ஊர்க்காரங்களும் ஆரஞ்சு, சுகர், காட்டன்னு தங்கள் ஊரில் விளையுறதை எல்லாம் கிண்ணத்தில் போட்டுட்டாங்க.

அந்த வருஷம் ரோஸ் பவுல்தான் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டம். எதிரே யு.எஸ்.சி., அதாவது சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். தொடர்ந்து 34 ஆட்டம் தோற்காத அணி. வருஷத்தோட சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற ஹைஸ்மன் கோப்பையை வாங்கின ரெண்டு பேர், மேட் லைனார்ட்டும் ரெஜி புஷ்ஷும், ஒரே பக்கம் நிக்கிறாங்க. நம்ம குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர், வின்ஸ் யங் அந்த வருஷ ஹைஸ்மனில் புஷ்ஷுக்கு அடுத்து ரெண்டாவதா வந்தவர்.

ஆறே முக்கால் நிமிஷம்கூட இல்லை, 38-26 என்று பின்தங்கியிருந்தோம். ரூம்மேட் ஒருத்தன் எழுந்து தட்டு கழுவப் போயிட்டான். யங் பந்தோட எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு டச்டவுன் போட்டார், 38-33. அப்புறம் யு.எஸ்.சி.க்கு நாலாவது வாய்ப்பு, ரெண்டே கஜம் வேணும். எடுத்திருந்தா ஆட்டம் அங்கேயே முடிஞ்சிருக்கும். பந்தோட ஓடின லென்டேல் ஒயிட்டை நம்ம ஆட்கள் மறிச்சுட்டாங்க. அந்த ஒரு வாய்ப்புக்கு புஷ் மைதானத்திலேயே இல்லை, ஓரத்தில் நின்னுக்கிட்டிருந்தார். ஏன்னு இன்னிக்கு வரை பேசுறாங்க.

கடைசியில் நமக்கு நாலாவது வாய்ப்பு, அஞ்சு கஜம். யங் பந்தை வச்சுக்கிட்டு யாருக்கு எறியலாம்னு பார்த்தார், யாரும் கிடைக்கலை, வலது மூலைக்கு ஓடினார். அவ்வளவுதான். 19 வினாடி மீதி. 41-38. எறிஞ்சது 267 கஜம், ஓடினது 200 கஜம், தனி ஆளா.

சாம்பார் அடிப்பிடிச்ச வாசனை அப்பதான் வந்தது. அப்படியே விட்டுட்டு குவாடலூப் தெருவுக்கு ஓடினோம். பல்கலைக்கழக டவர் முழுக்க ஆரஞ்சு வெளிச்சம், ஜன்னல்களில் பெரிய '1'. முன்னபின்ன தெரியாத ஒருத்தர் என்னைத் தூக்கிச் சுத்தினார். அந்த ஊர் என்னுதுன்னு தோணின முதல் ராத்திரி.

மத்தவங்க சொல்லுங்க. ஜெயிச்ச கதைதான் சொல்லணும்னு இல்லை.

டாலஸ் பெரியவர்

தம்பி, நீ வண்ண டிவியில் பார்த்தாய். நான் சொல்லப்போவது கேட்ட கதை. 1980களில் டாலஸில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் 1970 காட்டன் பவுலை நேரில் பார்த்தவர். பத்து தடவையாவது சொல்லியிருப்பார், ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் குரல் தழுதழுக்கும்.

ஃப்ரெடி ஸ்டைன்மார்க் என்று ஒரு தடுப்பாட்டக்காரர். சின்ன உருவம். 1969 டிசம்பர் 6 அன்று ஆர்கன்சாவுக்கு எதிராக ஆடினார். ஜனாதிபதி நிக்சன் வந்து பார்த்த ஆட்டம், 15-14 என்று டெக்சாஸ் ஜெயித்தது. கால் வலி என்று அடுத்து மருத்துவரிடம் போனால், தொடை எலும்பில் புற்றுநோய். ஆர்கன்சா ஆட்டம் முடிந்து ஒரு வாரத்துக்குள் காலை எடுத்துவிட்டார்கள். ஜனவரி 1 அன்று காட்டன் பவுலில் ஊன்றுகோல் ஊன்றி அணியோடு ஓரத்தில் நின்றார். எதிரணி நோட்ர டாம். 1925க்குப் பிறகு பவுல் பக்கமே வராதவர்கள், அந்த வருஷம்தான் மனம் மாறி வந்தார்கள். கடைசி நிமிடங்களில் டெக்சாஸ் ஒரு டச்டவுன் போட்டு 21-17. பயிற்சியாளர் டேரல் ராயல் ஆட்டப்பந்தை ஸ்டைன்மார்க் கையில் கொடுத்தார். 1971இல் அந்தப் பிள்ளை இறந்துபோனது. இன்றும் ஆஸ்டின் மைதானத்துக்குள் ஓடும்போது ஆட்டக்காரர்கள் அவர் படத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

வீட்டுக்காரர் சொல்லாததை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த 1969 அணியில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. முழுக்க வெள்ளையர்களே இருந்து தேசியப் பட்டம் வாங்கிய கடைசி அணி அதுதான். ஸ்டைன்மார்க் கதைக்குக் கண் கலங்குகிற அதே ஊரில்தான் இதுவும். ஜூலியஸ் விட்டியர் என்ற கறுப்பினத்தவர் 1970இல் முதன்மை அணியில் ஆட வந்தார். 36 வருஷம் கழித்து, அதே கறுப்பினத்தவரான வின்ஸ் யங்.

இன்னொன்று. 1971 காட்டன் பவுலில் அதே நோட்ர டாம் 24-11 என்று அடித்தது. தொடர்ந்து 30 வெற்றி அங்கே நின்றது. ஆனாலும் 1970க்கான சாம்பியன் பட்டம் ஒன்று டெக்சாஸிடமே இருக்கிறது! அப்போது பயிற்சியாளர்கள் ஓட்டெடுப்பைப் பவுலுக்கு முன்னாலேயே முடித்துவிடுவார்கள். தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்த்த கதை.

அட்லாண்டாக்காரன்

நான் எதிர்க்கட்சி, மன்னிக்கணும். ஜார்ஜியாவில் வேலைக்குச் சேர்ந்த புதுசில், டெக்சாஸிலிருந்து மாற்றலாகி வந்த ஒருத்தரிடம் எங்க ஆபீஸ்காரங்க அடிக்கடி கேட்பாங்க: "டெக்சாஸ்ல இப்ப மணி என்ன?" அவர் முகம் சுருங்கும். நானும் ஏதோ நேர வித்தியாசத்தைக் கேக்கிறாங்கன்னு நினைச்சு ஒரு தடவை வாட்சைப் பார்த்து பதிலே சொல்லிட்டேன். ஒரே சிரிப்பு.

பதில், ஒன்பதுக்குப் பத்து நிமிஷம். அதாவது 10-9. 1984 ஜனவரி 2 காட்டன் பவுல் ஸ்கோர். டெக்சாஸ் அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காம தேசிய தரவரிசையில் ரெண்டாவது இடத்தில் இருந்தது. 9-3 என்று முன்னிலை. ஜார்ஜியா உதைச்ச பந்தைப் பிடிக்க வந்தவர் நழுவவிட்டார், ஜார்ஜியா பாஞ்சு எடுத்தது, அவங்க குவார்ட்டர்பேக் லாஸ்டிங்கர் ஓடி டச்டவுன். அன்னிக்கு ராத்திரியே முதலிடத்தில் இருந்த நெப்ராஸ்கா மயாமியிடம் 31-30 என்று தோத்தது. அந்த ஒரு பந்தைப் பிடிச்சிருந்தா டெக்சாஸ்தான் சாம்பியன்னு அந்த மனுஷன் ஓய்வு பெறுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தார்.

மெக்காய் ரசிகை

10-9ஐ நான் பார்க்கலை. ஆனா எனக்கும் ஒண்ணு இருக்கு.

2010 ஜனவரி 7, பாசடீனா, அலபாமாவோட தேசிய இறுதி ஆட்டம். நானும் என் கணவரும் கல்யாணச் செலவுக்குன்னு வச்சிருந்ததில் மிச்சம் பிடிச்சு டிக்கெட் வாங்கினோம். எங்க இருக்கை ரொம்ப மேலே, வீரர்கள் எறும்பு மாதிரிதான் தெரிஞ்சாங்க. நாலு வருஷமா நான் கொண்டாடின டெக்சாஸ் குவார்ட்டர்பேக் கோல்ட் மெக்காய்க்கு அதுதான் கடைசி கல்லூரி ஆட்டம்.

டெக்சாஸ் பந்தோட ஆடின அஞ்சாவது முயற்சியிலேயே அடிபட்டுட்டார். பார்த்தா பெரிய அடியாவே தெரியலை. எழுந்து நடந்துதான் போனார். தோளில் அடிபட்டு கையில் உணர்ச்சியே இல்லைன்னு பிறகுதான் தெரிஞ்சது. திரும்பி வருவார் வருவார்னு நான் அந்த ஓரத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். பதிலுக்கு வந்த காரெட் கில்பர்ட் முதல் வருஷப் பையன். பாதி ஆட்டம் முடியுறப்ப 24-6. முன்வரிசைக்காரங்க கிளம்பிட்டாங்க.

ஆனா அந்தப் பையன் விட்டுக்கொடுக்கலை. பந்து பிடிக்கிற ஷிப்லிக்கு ரெண்டு டச்டவுன் எறிஞ்சு 24-21க்குக் கொண்டுவந்தான். என் தொண்டை அதுக்கு அப்புறம் மூணு நாள் திறக்கலை. கடைசியில் அவன் கையிலிருந்தே பந்தைத் தட்டிட்டாங்க. 37-21. ஸ்கோரை மட்டும் பார்க்கிறவங்க சுலபமா தோத்ததா நினைப்பாங்க, அதுதான் எரிச்சல்.

திரும்பி வர்ற ஃப்ளைட்ல முழுக்க ஆரஞ்சுச் சட்டைகள். ஒரு சத்தம் இல்லை. துக்க வீட்டு வண்டி தோத்துப்போகும்.

கிரிக்கெட்பித்தன்

கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. நாப்பதுக்கு மேல பவுல் இருக்கு, பன்னிரண்டு ஆட்டத்தில் ஆறு ஜெயிச்சாலே தகுதியாம். பாதிக்குப் பாதி ஜெயிச்சவனுக்கு எதுக்குங்க பரிசு?

அலமோ அக்கா

தம்பி, அந்தப் பாதிக்குப் பாதிதான் எங்களுக்கு வாய்ச்சுது! சான் அன்டோனியோவில் இருக்கேன். பாசடீனா, நியூ ஆர்லியன்ஸ்னு போக எங்களுக்கு எங்கங்க வசதி? 2024இல் லீக் மாறுற வரைக்கும், டெக்சாஸ் சுமாரா ஆடின வருஷம் பல தடவை எங்க ஊர் அலமோடோம் மைதானத்தில் நடக்கிற அலமோ பவுலுக்கு வந்திருக்கு, வீட்டிலிருந்து இருபது நிமிஷம். 2013இல் ஆரிகன்கிட்ட 30-7. பயிற்சியாளர் மேக் பிரவுனுக்கு டெக்சாஸோட கடைசி ஆட்டம். யங், மெக்காய் ரெண்டு பேரையும் வளர்த்த மனுஷனுக்கு இப்படி ஒரு வழியனுப்பு.

அன்னிக்கு என் பொண்ணு, எட்டு வயசு, டெக்சாஸ் ரசிகர்கள் எல்லாரும் காளைக் கொம்பு மாதிரி ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் நீட்டிக் கையை உயர்த்துறதைப் பார்த்துட்டு, "அம்மா, எல்லாருக்கும் சிம்மமுகம் தெரியுது!"ன்னா. பரதநாட்டியம் சேர்ந்து ரெண்டு மாசம் ஆகியிருந்தது. டீச்சர் பார்த்தா கட்டைவிரல் சரியில்லைன்னு திட்டுவாங்க. ஸ்கோர் நினைவிருக்கிறதே அதனாலதான்.

ஹூஸ்டன் ராத்திரி

நியூ ஆர்லியன்ஸ் சுகர் பவுலுக்கு ரெண்டு தடவை காரில் போனேன், அஞ்சு அஞ்சரை மணி நேரம்.

2019 ஜனவரி 1, ஜார்ஜியாவோட. ஆட்டம் தொடங்கும் முன்னாடியே நடந்ததுதான் வேடிக்கை. நம்ம அணியோட அடையாளம் பீவோ, லாங்ஹார்ன்ங்கிற நீளக்கொம்புக் காளை, அதைத் தடுப்புக்குள்ள நிறுத்தியிருந்தாங்க. ஜார்ஜியாவோட அடையாளமான புல்டாக் நாய் அகாவை அதுக்குப் பக்கத்தில் படம் எடுக்கக் கொண்டுவந்தாங்க. யார் கொடுத்த யோசனையோ! காளை தடுப்பைத் தள்ளிக்கிட்டு ஒரே பாய்ச்சல். போட்டோ எடுக்க வந்தவங்க சிதறினாங்க. அகா தப்பிச்சது. எங்க ஊர் அலங்காநல்லூர் பக்கம், வாடிவாசல் பார்த்து வளர்ந்தவன் நான். கொம்புக்கு நேரா நிக்கக்கூடாதுன்னு சின்னப் பிள்ளைகூடச் சொல்லுமேன்னு இருந்தது. ஆட்டத்தில் நம்ம குவார்ட்டர்பேக் சாம் எலிங்கர் மூணு டச்டவுன் ஓடிப் போட்டார், 28-21. முடிஞ்சதும் நாங்க திரும்பி வந்துட்டோம்னு மைக்கில் முழங்கினார். எங்க திரும்பி வந்தோம், அடுத்த சீசன்லயே அலமோ. அக்காவுக்குச் சந்தோஷம்.

அட்லாண்டா சார், அப்ப அங்க மணி என்னன்னு நான் கேட்கலை பாருங்க.

ரெண்டாவது 2024 ஜனவரி 1, வாஷிங்டனோட அரையிறுதி. அவங்க குவார்ட்டர்பேக் பெனிக்ஸ் 430 கஜம் எறிஞ்சு நம்மளைக் கிழிச்சுட்டார். அப்படியும் 37-31இல் கடைசிப் பந்து நம்ம கையில், எல்லைக்கோடு கூப்பிடு தூரம். ஒரு வினாடி மீதி. நம்ம குவார்ட்டர்பேக் யூவர்ஸ் மூலைக்குத் தூக்கிப் போட்டார், மிட்செல் எம்பினார், பந்து கையில் நிக்கலை. நான் இருந்த மூலை அது. பந்து கீழ விழுந்த சத்தம் கேட்டதுன்னு சொன்னா என் பொண்டாட்டி நம்பமாட்டேங்கிறா.

ராத்திரியோட ராத்திரியா ஓட்டிக்கிட்டு வந்தோம். லேக் சார்ல்ஸ் வரைக்கும் கார்ல யாரும் பேசலை. அப்புறம் பையன் பசிக்குதுன்னான், தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரிச்சோம்.

ஆரஞ்சுச்சட்டை

2006க்கு நாலு பேர் வருவாங்கன்னு பார்த்தேன், எல்லாரும் தோத்த கதையைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. பெரியவரே, அந்த வீட்டுக்காரர் ஆட்டத்துக்குப் போன டிக்கெட் துண்டை வச்சிருந்தாரா?

டாலஸ் பெரியவர்

பர்ஸில் வைத்திருந்தார். மழையில் நனைந்து எழுத்தெல்லாம் போய்விட்டது, வெறும் மஞ்சள் அட்டை. ஆனாலும் எடுத்துக் காட்டுவார்.