நம் குடும்பக் குழு: கார் சாவி பற்றி

பெரியம்மா: எதிர் வீட்டுக் காரை நேற்று இரவு திருடிவிட்டார்கள். கண்ணாடி உடையவில்லை, அலாரமும் அடிக்கவில்லை. சாவி அவர்கள் வீட்டு மேசைமேல் அப்படியே இருக்கிறது.

கோபால் மாமா: வீட்டு ஆட்களே உடந்தை என்று பேசிக்கொள்கிறார்கள்.

செந்தில்: யாரையும் அப்படிச் சந்தேகிக்க வேண்டாம், மாமா. பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் காரில், சாவி பக்கத்தில் இருக்கிறதா என்பதை ரேடியோ சிக்னல்தான் சொல்கிறது. ஒருவன் காரருகிலும் இன்னொருவன் வீட்டுச் சுவரருகிலும் கருவியோடு நின்று அந்தச் சிக்னலைச் சாவிவரை எட்டச் செய்தால், சாவி அருகிலேயே இருப்பதாக எண்ணிக் கார் திறந்துகொள்ளும், எஞ்சினும் கிளம்பிவிடும். ஓடத் தொடங்கியபின் சாவி விலகிப் போனாலும், நடுச்சாலையில் விபத்தாகிவிடக் கூடாது என்பதற்காக எஞ்சின் பொதுவாக அணையாது.

பெரியம்மா: நம் சாவியும் வாசற்கதவுப் பக்கத்து ஆணியில்தான் தொங்குகிறது.

செந்தில்: இன்றே உள்ளறைக்கு மாற்றிவிடுங்கள், பெரியம்மா. சிக்னலைத் தடுக்கும் ஃபாரடே உறை ஒன்றும் வேண்டும். சாவியை அதில் போட்டு மூடி, காரை ஒட்டி நின்று கதவைத் திறந்து பாருங்கள். திறந்துகொண்டால் அந்த உறை பயன்படாது. நாளாக நாளாக உறை தேயும் என்பதால் அவ்வப்போது இப்படிச் சோதிக்க வேண்டும். இரண்டாவது சாவிக்கும் உறை தேவை.

பெரியப்பா: இரண்டாவது சாவி ரவியிடம் இருக்கிறது. திருப்பித் தரும்படி போன வருடமே சொன்னேன்.

ரவி சித்தப்பா: நீங்கள் கேட்ட விதம் அப்படி, அண்ணா.

கோபால் மாமா: அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

செந்தில்: கார் தொலைந்தால் காப்பீட்டு நிறுவனம் எல்லாச் சாவிகளையும் கேட்கக்கூடும், சித்தப்பா. அதனால் அது வீட்டில் இருப்பதே நல்லது.

மாலதி அத்தை: ஜிபிஎஸ் இருக்கிறதே, அது போதாதா?

செந்தில்: அது திருட்டைத் தடுக்காது, அத்தை, போன காரைத் தேடத்தான் உதவும், அதையும் ஜாமர் வைத்து முடக்கிவிடலாம். முகப்பு விளக்கின் பின்னால் போகும் வயரில் கருவியை இணைத்து, காரின் கணினிகளுக்கே பொய்க் கட்டளை அனுப்பும் திருடர்களும் உண்டு. அவர்களிடம் உறை எடுபடாது. கண்ணில் படும்படி ஸ்டீயரிங்கில் மாட்டிய இரும்புப் பூட்டை அறுக்க நேரமாகும் என்பதால், பலர் அந்தக் காரை விட்டுவிட்டு வேறு காரைத் தேடிப் போவார்கள். எனக்கு அந்தப் பூட்டின் மேல்தான் அதிக நம்பிக்கை.

பெரியப்பா: தினமும் அதை மாட்டிக் கழற்ற என் தோள்பட்டை இடம் கொடுக்காது.

பெரியம்மா: நான் மாட்டுகிறேன். யார் வாங்கி வருவது?

ரவி சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை சாவியோடு வருகிறேன், அண்ணி. பூட்டைப் பற்றி அப்போது பேசுவோம்.

பெரியப்பா: முதலில் சாவி வரட்டும்.