கடைக்கு ஒரு ஞானம், சர்ச்சுக்கு ஒரு ஞானமா? உளுந்து மூட்டை விஷயமா ஒரு கேள்வி

யாங்கோன் தம்பி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி, எழுதுனதில்ல, இன்னைக்கு மனசு தாங்காம வந்துருக்கேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க.

நானும் எங்க அக்கா வீட்டுக்காரரும் சேந்து யாங்கோன்ல (பழைய ரங்கூன்) சின்னதா பருப்பு மொத்த வியாபாரம் பண்றோம். பேயின்னவுங் மார்க்கெட்ல எடுத்து சில்லறைக் கடைகளுக்கும் இட்லி மாவு போடுறவங்களுக்கும் குடுக்குறது. பர்மாக்காரங்க மட்பேன்னு சொல்ற உளுந்துதான் எங்களுக்கு முக்கியம். முதல் முழுக்க அத்தானோடது, ஓடியாடுறது நான்.

பர்மா புத்தாண்டு தண்ணித் திருவிழா லீவு முடிஞ்சு நாலாம் நாள் ராத்திரி, கரண்ட் போயிருச்சு, ஜெனரேட்டருக்கு டீசல் கேன் எடுக்கலாம்னு குடோனுக்குப் போனேன். உள்ள டார்ச் வெளிச்சம். அத்தான் செடிக்கு மருந்து அடிப்பாங்களே அந்த பம்ப்ப தோள்ல மாட்டிக்கிட்டு, ஒவ்வொரு மூட்டையா வாய் அவுத்து தண்ணி அடிச்சு, முழங்கை வரைக்கும் கைய விட்டுக் கிண்டி, திருப்பி தைச்சுக்கிட்டு இருக்காரு. 30 வீசை மூட்டைக்கு (இங்க ஒரு வீசை கிட்டத்தட்ட 1.6 கிலோ) அரை வீசை ஏறுதாம், 60 மூட்டைக்கு ஒரு மூட்டை சும்மா வருது தம்பின்னு ஒளிக்காம சொன்னாரு. அன்னைக்கு மட்டும் 40 மூட்டை முடிச்சிருந்தாரு.

நான் வாயடைச்சுப் போய் நின்னேன். அவர் சொன்னது இதுதான்: "தேவ ஞானத்த சர்ச்சுல வச்சுக்கோ, கடைக்கு உலக ஞானம்தான் சோறு போடும், ஆண்டவரே பாம்ப மாதிரி வினாவா, அதாவது சாமர்த்தியமா, இருங்கன்னுதானே சொல்லிருக்காரு."

அவர் கெட்டவர் இல்லைங்க. எங்க சபையில காணிக்கை எண்றவர். 2021 ஜூலைல கொரோனா உச்சத்துல இருந்தப்ப எங்க அப்பாவுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் தேடி ராத்திரி பூரா அலைஞ்சவர், அவர் இல்லன்னா அப்பா இன்னைக்கு இல்ல. அதனாலதான் எனக்கு இவ்வளவு குழப்பம். உலக ஞானம்னா எல்லாமே பாவமா, நான்தான் விவரம் தெரியாம பேசுறேனா, வேண்டாம்னு சொன்னா அக்கா வாழ்க்கை என்ன ஆகும், எதுவுமே புரியல. பெரியவங்க சொல்லுங்க.

---

பெகு அக்கா

தம்பி, ஸ்தோத்திரம். நீ எழுதுனத படிச்சதும் எனக்கு கை நடுங்கிருச்சு, ஏன்னா அந்த மூட்டை கடைசியா வந்து சேர்ற இடம் என் வீடு. நான் பெகுல 14 வருஷமா இட்லி மாவு ஆட்டி விக்கிறேன். போன வருஷம் ஒரு கடையில 10 வீசை உளுந்து வாங்குனேன், மேலாப்புல பாத்தா நல்லாதான் இருந்துச்சு, கைய உள்ள விட்டா சில்லுனு இருக்கு, அடியில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு பச்சையும் கருப்புமா பூஞ்சக்காளான். புழுங்கல் வாடை வேற. ஊற வச்சு ஆட்டுனா எப்பவும் கிரைண்டர் விளிம்பு வரைக்கும் பந்து மாதிரி எழும்புற மாவு அன்னைக்கு பாதிக்கு மேல வரவே இல்ல. ரெண்டு நாள் மாவ சாக்கடையில ஊத்துனேன், வாடிக்கைக்காரங்க கிட்ட பேச்சும் வாங்குனேன். உங்க அத்தானுக்கு வர்ற அந்த அரை வீசை வானத்துலேர்ந்து விழல தம்பி, என்ன மாதிரி ஒருத்தி தண்ணிக்கு உளுந்து விலை குடுக்குறா.

யாக்கோபு 3-ஆம் அதிகாரத்த உக்காந்து நிதானமா படி. 15-ஆம் வசனத்துல "லௌகிக சம்பந்தமானதும், ஜென்மசுபாவத்துக்குரியதும், பேய்த்தனத்துக்கடுத்ததும்" அப்படின்னு ஒரு ஞானத்த சொல்றாரு. வியாபாரம் தெரிஞ்சவன், கணக்கு தெரிஞ்சவன், படிச்சவன், இவங்களையா அப்படி சொல்றாரு? இல்லவே இல்ல. முந்தின வசனத்த பாரு, கசப்பான வைராக்கியமும் விரோதமும் இருதயத்துல இருக்கறத பத்திதான் பேசுறாரு. எனக்கு வரணும், எவன் எக்கேடு கெட்டா என்னன்னு நினைக்கிற மனசுலேர்ந்து வர்ற கெட்டிக்காரத்தனம், அதுதான் அந்த ஞானம். 17-ஆம் வசனத்துல பரத்திலிருந்து வர்ற ஞானம் "முதலாவது சுத்தமுள்ளதாயும்"னு ஆரம்பிக்குது. சுத்தம் முதல்ல. ஆனா அதோட நிக்கல, பின்பு சமாதானமும் சாந்தமும் இணக்கமும்னு போகுது. அதனால உனக்கும் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. ஜெயிக்கணும்னு போய் பேசாத. சரியான விஷயத்த கோபத்தோட சொன்னா அதுவும் மேலேர்ந்து வந்த ஞானம் ஆகாது. அக்காவ நடுவுல இழுக்காத, சபையிலயும் மூச்சு விடாத, முதல்ல நீயும் அவரும் தனியா உக்காருங்க. மத்தேயு 18:15 அதத்தான் சொல்லுது.

---

தாமுவே அண்ணன்

மன்னிக்கணும், நான் கொஞ்சம் வேற மாதிரி நினைக்கிறேன். தண்ணி அடிக்கிறது சரின்னு சொல்ல வரல. ஆனா கடை வச்சிருக்கறவன் கஷ்டத்த யாரும் பேச மாட்டேங்குறீங்க. காலையில ஒரு விலைக்கு வித்துட்டு சாயங்காலம் அதே சரக்க எடுக்கப் போனா விலை ஏறிக் கிடக்கு, நம்ம கியாட் பணத்தோட மதிப்பு நாளைக்கு என்னன்னு யாருக்கும் தெரியாது, பாதி நாள் கரண்ட் இல்ல, டீசல் செலவு தனி. இதுல பக்கத்து கடைக்காரன் எடைல கை வச்சு விலைய குறைச்சு விக்கிறான், நான் சுத்தமா வித்தா என் சரக்கு அப்படியே தேங்கி நிக்குது. நான் வேலைக்கு வச்சிருக்கற 3 பேர் குடும்பத்த யாரு பாக்குறது? லூக்கா 16-ல ஆண்டவர் சொன்ன கதையில, எஜமான் சொத்த பாத்துக்கிட்ட அநீதியுள்ள உக்கிராணக்காரன அந்த எஜமானே மெச்சிக்கிட்டாரே, உலகத்தின் பிள்ளைகள் ஒளியின் பிள்ளைகள விட புத்திசாலியா இருக்காங்கன்னு ஆண்டவரும் சொன்னாரே. அதுக்கு என்ன அர்த்தம்? பெரியவங்க யாராவது நேர்மையா பதில் சொல்லுங்க, வசனத்த மட்டும் போட்டுட்டு போயிராதீங்க.

---

மோல்மீன் ஐயா

தாமுவே தம்பி, நீங்க மனச திறந்து கேட்டீங்க, எனக்கு அது பிடிச்சிருக்கு.

அந்த உக்கிராணக்காரன் கதையில எஜமான் மெச்சுனது அவன் திருட்ட இல்ல, முன்யோசனைய. வேலை போகப்போகுதுன்னு தெரிஞ்ச உடனே நாளைக்கு எங்க போய் நிப்போம்னு யோசிச்சான் பாருங்க, அத. அவன மெச்சுற அதே வசனத்துலயே அநீதியுள்ளவன்னுதான் சொல்லிருக்கு, நீதிமான்னு பேர் மாத்தல. அதுக்கு ரெண்டு வசனம் தள்ளி 10-ல ஆண்டவர் என்ன சொல்றாரு, "கொஞ்சத்திலே அநீதியுள்ளவன் அநேகத்திலும் அநீதியுள்ளவனாயிருக்கிறான்." அரை வீசைங்கறது அந்த கொஞ்சம்தான்.

முன்யோசனை பாவம் இல்ல தம்பிகளா. யோசேப்பு 7 வருஷம் தானியம் சேத்து வச்சானே அது கர்த்தர் குடுத்த ஞானம்தான், கணக்கும் குடோனும் இல்லாம அது நடந்திருக்காது. எங்க ஊர் கதையே ஒண்ணு இருக்கு. அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் ஐயரவர்கள் 1813-ல ரங்கூன் வந்தாரு, முதல் ஆள் ஞானஸ்நானம் எடுத்தது 1819-ல, ஆறு வருஷம், உலகக் கணக்குப்படி பாத்தா என்னைக்கோ மூட்டை கட்டியிருக்கணும். 1824-ல யுத்தம் வந்து ஆவாவுல அவர ஜெயில்ல போட்டாங்க. பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பு கையெழுத்துப் பிரதி அவர் மனைவி ஆன் அம்மா கையில. மண்ணுல புதைச்சு வச்சாங்க, மழைக்காலம் வந்தா ஈரத்துல மக்கிப் போயிரும்னு எடுத்து ஐயா ஜெயில்ல தலைக்கு வைக்கிற ஒரு தலையணைக்குள்ள வச்சு தைச்சாங்க, அதுவும் எந்த காவலாளியும் ஆசைப்படாத மாதிரி கட்டியா கரடுமுரடா. கடைசியில கைதிகள வேற இடத்துக்கு ஓட்டிட்டுப் போனப்ப அந்தத் தலையணைய தூக்கி வீசிட்டாங்க, மவுங் இங்னு ஒரு சீஷன் ஐயா நினைவா இருக்கட்டும்னு எடுத்து வச்சாரு, மாசக்கணக்கு கழிச்சு பாத்தா உள்ள பிரதி அப்படியே இருக்கு. 1834-ல இதே மோல்மீன்லதான் முழு வேதாகமத்தையும் முடிச்சாரு. பாம்பைப் போல வினாங்கறது இதுதான், அந்தத் தலையணையால ஒருத்தர் வயித்துலயும் அடி விழல. உங்க அத்தான் அந்த வசனத்துல பாம்போட நிறுத்திட்டாரு, புறாவ விட்டுட்டாரு.

இன்னொண்ணு, இத சொல்ல எனக்கு கஷ்டமாதான் இருக்கு. எங்க அப்பா ரங்கூன்ல மளிகைக் கடை வச்சிருந்தாரு. நிறைகல்ல வாரத்துக்கு ஒரு தடவ சோதிச்சுப் பாப்பாரு. கடை சுவத்துல நீதிமொழிகள் 11:1 எழுதி மாட்டியிருந்தாரு, "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது." பர்மாக்காரங்க பெய்த்தாங்கறத இங்கிலீஷ்ல விஸ்ஸுனு எழுதுறாங்களே, அது நம்ம வீசைங்கற வார்த்தைலேர்ந்து போனது, நம்ம ஆளுங்க எடை சரியா இருக்கணும்டான்னு பெருமையா சொல்லுவாரு. 1964-ல கடைகள அரசாங்கம் எடுத்தப்ப எங்க கடையும் போச்சு. அப்ப எனக்கு 11 வயசு. சீல் வைக்க ஆள் வந்து நிக்கிறாங்க, அப்பா தராசுத் தட்டு ரெண்டையும் ஈரத்துணியால துடைச்சு, நிறைகல்ல வரிசையா அடுக்கி வச்சுட்டு வெளிய வந்தாரு. அதே வருஷம் மே மாசம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னாங்க. எடைல ஏமாத்துன பக்கத்து கடையும் போச்சு, ஏமாத்தாத எங்க கடையும் போச்சு. சொந்தக்காரங்க பாதிப் பேர் கப்பலேறி இந்தியா போயிட்டாங்க. அப்புறம் 1987-ல 25, 35, 75 நோட்டு செல்லாதுன்னப்ப என் சேமிப்பும் காகிதமாச்சு.

அதனால நேர்மையா இருந்தா கர்த்தர் உன் கடைய ரெண்டு மடங்கு ஆக்குவாருன்னு நான் உனக்கு வாக்கு குடுக்க மாட்டேன் தம்பி. அப்படி சொல்றதும் உலக ஞானம்தான், வசனத்த மேல போத்திக்கிட்டு வருது. லாபத்துக்காக உண்மையா இருக்கறவன் நஷ்டம் வந்த அன்னைக்கு பம்ப்ப எடுத்துருவான். எங்க அப்பா 1971-ல சாகுற வரைக்கும் அடுத்தவன் கடையில கணக்கு எழுதிதான் பிழைச்சாரு, எழுத வச்சவங்க பெட்டிச் சாவிய அவர்கிட்டதான் குடுத்துட்டு போவாங்க.

உங்க அத்தான்கிட்ட பேசுறதுக்கு முன்னாடி யாக்கோபு 1:5 சொல்றபடி தேவன்கிட்ட ஞானத்த கேளு. சாலொமோன் ஞானமுள்ள இருதயம் கேட்டான்னு நம்ம வேதத்துல இருக்கு, எபிரெயத்துல அது கேட்கிற இருதயம். அவர் சொல்றதையும் முழுசா கேளு, அவருக்குள்ள ஏதோ பயம் இருக்கும்.

---

தாமுவே அண்ணன்

ஐயா, நன்றி. நான் இத யோசிக்கணும். இப்ப வேற ஒண்ணும் எழுத தோணல.

---

யாங்கோன் தம்பி

எல்லாருக்கும் நன்றி. மூணு நாளா எழுத முடியல, இப்பதான் உக்காந்தேன்.

ஐயா சொன்னது சரியா இருந்துச்சு. முந்தாநாள் கடை மூடுனதும் டீக்கடையில உக்காந்தோம், நான் ஒண்ணும் ஆரம்பிக்கல, என்ன அத்தான் கஷ்டம்னு மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் டீய ஆத்திக்கிட்டே இருந்தாரு. அப்புறம் சொன்னாரு, போன மழைக்கு முன்னாடி வெளிய கடன் வாங்கிருக்காரு, எனக்கும் தெரியாது அக்காவுக்கும் தெரியாது, வட்டி மட்டும் கட்டிக்கிட்டு இருக்காரு. நான் பெகு அக்கா எழுதுனத போன்ல காட்டுனேன். அந்த மாவு சாக்கடையில போனத படிச்சதும் போனை கீழ வச்சுட்டாரு. எங்க அம்மாவும் மாவு வித்துதான்டா என்ன படிக்க வச்சாங்கன்னாரு, வேற எதுவும் பேசல.

இனிமே தண்ணி அடிக்கிறதில்லன்னு சொல்லிட்டாரு. கடன அக்காகிட்ட சொல்றதுக்கு ஒரு வாரம் டைம் கேட்டுருக்காரு, கடைய எப்படி ஓட்டப்போறோம்னு ரெண்டு பேருக்கும் தெரியல.

இன்னும் ஒரு கேள்வி இருக்கு. அன்னைக்கு நனைச்ச 40 மூட்டைல 6 வித்துப் போயிருச்சு, 34 குடோன்ல அப்படியே கிடக்கு. அத என்ன பண்றது?

---

பெகு அக்கா

இன்னைக்கே பிரிச்சுக் கொட்டு தம்பி, நாள் கடத்தாத. மழைக்கு இன்னும் நாள் இருக்கு, இப்ப அடிக்கிற வெயில விட்டா கிடைக்காது. தார்ப்பாய்ல விரல் கனத்துக்கு மேல போகாம பரப்பு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ கால வச்சு கோதி விடு, ராத்திரி பனி படாம மூடு. ரெண்டு மூணு நாள் ஆகும். ஒண்ண எடுத்து பல்லுல கடிச்சா டக்குனு ரெண்டா உடையணும், நசுங்குச்சுன்னா இன்னும் காயல. பூஞ்சை பிடிச்சத தனியா பொறுக்கி வெளிய கொட்டிரு, மாட்டுக்கும் போடாத. காஞ்சதுக்கு அப்புறம் திருப்பி நிறுத்து மூட்டை மேல புது எடைய எழுது.

போன 6 மூட்டை யாருக்கு போச்சுன்னு உன் நோட்டுல இருக்கும்ல, அவங்களுக்கு போன் பண்ணு. நீயே பண்ணாத, அத்தான பண்ணச் சொல்லு, நீ பக்கத்துல உக்காந்துக்கோ.