அங்கவை வந்துட்டா டோய்

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை:

சினிமாவும் விளம்பரமும் புகைப்படமும் நம் நிறத்தை எப்படிக் காட்டின, அது எப்படி நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது என்று மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள். முதலில் என் கதை.

2007-இல் 'சிவாஜி' படம் வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு, தங்கை ஏழாம் வகுப்பு. இரண்டு பேரும் நல்ல கறுப்பு. படத்தில் ஒரு பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு மகள்கள், பெயர் அங்கவை, சங்கவை. முகம் முழுக்கக் கறுப்பு மேக்கப் பூசி நிறுத்தியிருப்பார்கள். அவர்கள் வந்து நின்றாலே தியேட்டர் சிரித்தது, வேறு வசனமே தேவைப்படவில்லை. அதே படத்தில் கதாநாயகனை ஒரு பாட்டு முழுக்க வெள்ளைக்காரர் போலக் கணினியில் மாற்றியிருந்தார்கள். அதற்குக் கைதட்டல்.

படம் வந்த அடுத்த திங்கட்கிழமை, பிரேயர் முடிந்து வகுப்புக்குள் நுழைகிறேன். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அங்கவை வந்துட்டா டோய்." தங்கைக்குச் சங்கவை. பத்தாம் வகுப்பு முடியும்வரை எனக்கு அதுதான் பெயர். அப்புறம் ஒருநாள் தமிழம்மா புறநானூற்றில் 'அற்றைத் திங்கள்' பாட்டு நடத்தினார். பாடியவர்கள் பாரியின் மகள்கள், அவர்கள் பெயர் அங்கவை, சங்கவை என்று வழங்கும் என்றார். வகுப்பே சிரித்தது. போன மாதம் இதே நிலவு வெளிச்சத்தில் எங்கள் அப்பாவும் இருந்தார், எங்கள் மலையும் எங்களிடம் இருந்தது. இந்த நிலவில் இரண்டும் இல்லை என்று சொல்லும் பாட்டு அது. கிண்டல் செய்தபோதெல்லாம் வராத அழுகை எனக்கு அன்றைக்கு வந்தது.

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர்:

எங்களுடையது அப்பா காலத்து ஸ்டுடியோ. கலர் பிலிமே வெள்ளைத் தோலை அளவாக வைத்துச் செய்த பொருள் என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரியும். கோடக் கம்பெனி பிரிண்ட் போடும் லேப்களுக்கு வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படம் போட்ட அட்டை கொடுக்கும். ஷெர்லி கார்டு என்று பெயர். அந்த முகம் சரியாக வந்தால் மெஷின் சரி என்று கணக்கு. கறுத்த முகம் சரியாக விழவில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரச்சாமான் செய்பவர்களும் சாக்லேட் செய்பவர்களும் எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக வரவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் வேலை நடந்தது.

அப்பா இதையெல்லாம் படித்தவர் இல்லை. ஆனால் கல்யாண குரூப் போட்டோவில் வெள்ளை வேட்டிக்கும் கறுத்த முகத்துக்கும் நடுவில் பிலிம் திணறுவதைத் தினமும் பார்த்தவர். வேட்டிக்கு அளவு வைத்தால் முகம் இருண்டு கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். முகத்துக்கு வைத்தால் வேட்டியின் கரைகூட வெளுத்துவிடும். அப்பா முகத்துக்குத்தான் வைப்பார்.

நான் டிஜிட்டலுக்கு மாறிய பிறகு நடந்தது இது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் போட்டோ எடுக்க ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்கள். அம்மா நாற்காலியை என் மானிட்டர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "தம்பி, இன்னும் கொஞ்சம் கலர் ஏத்துங்க." ஏற்றினேன். "இன்னும் கொஞ்சம்." முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் ஆகிவிட்டது. கழுத்தையும் வெளுத்தேன். பிறகு கை. பிறகு காது மடல். அந்தப் பெண் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில், "அண்ணா, மூக்குத்திப் பக்கத்துல இருக்க மச்சத்தையாவது விட்டுருங்க, நான்தான்னு தெரியணும்ல" என்றது.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் கலர் ஏற்றுவதில்லை. சில கல்யாண ஆர்டர் கைவிட்டுப் போயிருக்கிறது, போகட்டும். லைட்டை நேரே முகத்தில் அடிக்காமல் பக்கத்திலிருந்து, துணி கட்டி மென்மையாக்கி வைத்துப் பாருங்கள். கறுத்த கன்னத்தில் வெளிச்சம் வழிவது போல வேறு எந்தத் தோலிலும் வழியாது.

சென்னை சாலிகிராமத்திலிருந்து ஒரு துணை நடிகை:

அண்ணன் சொன்ன அந்த அட்டையைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. ஒரு சீரியலில் கறுப்பான கிராமத்துப் பெண்தான் கதாநாயகி. நிறத்துக்காக எல்லோரும் ஒதுக்கும் பெண், பார்ப்பவர்கள் அழ வேண்டிய பாத்திரம். நானும் தேர்வுக்குப் போனேன். வேடம் நல்ல சிவப்பான ஒரு பெண்ணுக்குப் போனது. தினமும் அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கறுப்பு மேக்கப் போடுவார்கள். எனக்கு அதே வீட்டில் காபி கொண்டுவரும் வேலைக்காரி வேடம். வசனம் "சரிங்கம்மா". முதல் நாள் மேக்கப்மேன் என்னைக் கூப்பிட்டார். என் கையை அந்தக் கதாநாயகியின் கையோடு சேர்த்து வைக்கச் சொல்லி, நிறம் சேர்ந்துவிட்டதா என்று பார்த்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஸ்டுடியோக்காரர்:

தங்கச்சி, இந்தப் பக்கம் வந்தால் ஸ்டுடியோவுக்கு வாங்க. வாய்ப்பு கேட்க ஆல்பம் வேண்டுமே, நான் எடுத்துத் தருகிறேன். காசு வேண்டாம்.

கோவையிலிருந்து ஒரு அப்பா:

சின்ன விஷயம்தான். 2014-இல் விளம்பரத் தரக் கவுன்சில், கறுப்பாக இருப்பவர்களைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. 2020-இல் ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லி ஆனது. சரி, இனிமேல் வளரும் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைத்தேன். என் மகளுக்கு ஏழு வயது. குடும்பப் படம் வரைந்து காட்டினாள், மூன்று பேரும் வெளிர் ரோஸ் நிறம். "அப்பா இந்தக் கலரா பாப்பா?" என்றேன். "அது ஸ்கின் கலர்ப்பா" என்று கிரேயானை எடுத்துக் காட்டினாள். அதற்கு அடுத்த இடத்தில் பழுப்பு கிரேயான் இருந்தது. மரத்துக்கு என்றாள்.

தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

முதலில் எழுதிய அம்மாவுக்கு. சங்கப் பாட்டில் தலைவியின் அழகுக்கு மாமை என்று பெயர். மாந்தளிர் போன்ற நிறம் என்று உரை சொல்கிறது. தலைவன் பிரிந்துபோனால் அதன்மேல் பசலை படர்ந்து தோல் வெளிறும். வெளிறுவதுதான் அங்கே நோய். கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்தும் பாலைப்போல, எனக்கும் ஆகாமல் அவனுக்கும் ஆகாமல் என் மாமைக் கவினைப் பசலை தின்னப் பார்க்கிறதே என்கிறார் வெள்ளிவீதியார். குறுந்தொகையில் 27-ஆம் பாட்டு.

இதை எத்தனையோ வருடம் நடத்தினேன். என் நோட்ஸில் மாமை என்பதற்கு 'அழகு' என்று மட்டும் பொருள் எழுதிப் போட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் மாந்தளிர் நிறம். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நோட்ஸை இன்னும் பள்ளியில் நகல் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று கேள்வி. திங்கட்கிழமை போய் அந்த வரியைத் திருத்திக் கொடுத்துவிட்டு வருகிறேன்.